மகனின் முதல் வாகனம்: பழைய ஜிப்ஸி வாங்கலாமா?

பெங்களூரில் குடியேறி வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்த மகன் ஒரு மாலையில் தந்தையின் அருகே வந்து அமருகிறான். "அப்பா, பழைய ஜிப்ஸி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிய காரின் விலையில் பாதிகூட இல்லை. போய்ப் பார்க்கலாமா?" என்கிறான். தந்தையின் உள்ளத்திலோ வேறோர் எண்ணம்: "கனத்த இரும்பு வண்டி, எங்கேயாவது மோதினாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது."

அன்பான பெற்றோரே, பணத்தை எடுப்பதற்கு முன் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

உறுதி வேறு, பாதுகாப்பு வேறு

மாருதி ஜிப்ஸி 1985ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் அறிமுகமானது. இராணுவமும் காவல்துறையும் அதைப் பெரிதும் பயன்படுத்தின. சேற்றிலும் மலைப்பாதையிலும் அதன் உழைப்பைக் குறைசொல்ல இயலாது. ஆயினும் அதன் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. புதிய கார்கள் அனைத்திற்கும் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமான 2019ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கான ஜிப்ஸி விற்பனை முடிவுக்கு வந்தது.

இவற்றினும் பெரிய ஆபத்து கவிழ்வது. இவ்வண்டியின் உயரம் அதன் அகலத்தைவிட அதிகம். தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் பாரத்தின் மையமும் மேலே இருக்கிறது. குறுக்கே ஏதேனும் வந்தால், புதிதாக ஓட்டுகிறவர் பதற்றத்தில் ஸ்டீரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்புவது இயல்பு. தாழ்வான காரில் தப்பித்துக்கொள்ளக்கூடிய அதே பிழை, இங்கே வண்டியைப் புரட்டிவிடக்கூடும். துணிக்கூரை தலையைக் காக்காது. பின்புறப் பக்கவாட்டு இருக்கைகளில் பெல்ட் இன்றி அமர்ந்திருக்கும் நண்பர்கள் வெளியே தூக்கி எறியப்படுவார்கள்.

வாங்கத் தீர்மானித்தால்

நம்பிக்கைக்குரிய மெக்கானிக்குடன் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சின் பழுதைச் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த சேசிஸை நம்ப முடியாது. மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். வண்டியின் அடியில் புதிய வெல்டிங் ஒட்டுகள் இருந்தால் காரணம் கேளுங்கள். நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் மட்டும் சோதியுங்கள். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன; உலர்ந்த தார்ச்சாலையில் அவை வழுக்கி ஈடுகொடுக்க வழியில்லாமல் கியர்கள் இறுகிச் சேதமடையும். இதை மகனும் அறிந்திருக்க வேண்டும்.

பெரிய டயர் மாட்டி உயர்த்தப்பட்ட வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். அது கவிழும் அபாயத்தைக் கூட்டுகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்பிற்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 15 ஆண்டுகள் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகள் கடந்தவற்றுக்கு 2025இல் மேலும் உயர்த்தப்பட்டது. வேறு மாநில வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. கர்நாடகத்தில் சாலை வரியும் செலுத்த நேரிடும். மலிவான விலையோடு இச்செலவுகளையும் கூட்டிப் பாருங்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கவே வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதற்காகப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். பிள்ளைக்கும் 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

மகனுக்கு என்ன பதில்?

"வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். காரணங்களை அவனோடு அமர்ந்து பேசுங்கள். முதல் ஓராண்டு ஏர்பேக் உள்ள சிறிய காரில், நீங்கள் அருகில் அமர்ந்திருக்க அவன் ஓட்டட்டும். மழையிலும் இரவிலும் நெடுஞ்சாலையிலும் அவன் கை பழகட்டும். அதன் பிறகும் ஜிப்ஸியின் மேல் ஆசை இருந்தால் இருவரும் சேர்ந்தே பார்க்கச் செல்லுங்கள். வண்டியின் அடியில் குனிந்து துருவைத் தேடும் வேலையை அவனிடமே கொடுங்கள்.