ஊரே பாடப்புத்தகம்

திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில், பட்டப்படிப்பின் ஒரு பகுதி கிராமத்தில்தான் நடக்கிறது. டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய பணியிலிருந்து 1956இல் கிராமியக் கல்வி நிலையம் பிறந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கைத்தொழிலையும் கல்வியையும் பிரிக்காத காந்தியின் ஆதாரக் கல்விக் கொள்கையே இதன் வேர்.

கிராமத் தங்கல் திட்டத்தின்படி மாணவர்கள் ஒரு சிற்றூரில் சில நாள் தங்குகிறார்கள். தூய்மைப் பணி, மருத்துவ முகாம் போன்றவை ஒருபுறம். ஆய்வுதான் இதில் கனமான பகுதி. இத்தகைய களப்பணியில் பரவலாகக் கையாளப்படும் முறை பங்கேற்பு ஊரக மதிப்பீடு. கோயில் திடலிலோ பள்ளி வாசலிலோ கோலப்பொடியால் ஊர் மக்களே தங்கள் ஊரை வரைகிறார்கள்: தெரு, கண்மாய், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி. பெண்கள் தனியாக வரைந்தால் படம் மாறிவிடும். தண்ணீருக்கு நடக்கும் தூரமும், இரவில் விளக்கெரியாத பாதையும் அதில் இடம்பெறும். எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை என்பதும் எல்லோர் கண்முன்னும் தெரிந்துவிடும். அதன் பிறகு வீடுவீடாகக் கணக்கெடுப்பு, வகுப்பில் பகுப்பாய்வு, அறிக்கை, மதிப்பெண்.

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பிற கல்லூரிகளிலும் ஏழு நாள் முகாம்களை நடத்துகிறது. ஆனால் அங்கே சேவை பெரும்பாலும் பாடத்தோடு ஒட்டாமலே நின்றுவிடுகிறது. பொருளியல் மாணவர் கடன்சுமையையும், வேதியியல் மாணவர் கிணற்று நீரையும் ஆராய இடமிருந்தும் முகாம் புதர் வெட்டுவதோடு முடிந்துபோவது வருத்தத்துக்குரியது.

திரட்டிய விவரம் ஊருக்கே சொந்தம். கல்லூரிகள் தங்கள் அறிக்கைகளை அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும்.