மீட்க வந்தோருக்கும் கூரை வேண்டும்

புயலுக்குப் பிந்தைய முகாம் என்றதும் வீடிழந்தோரே நினைவுக்கு வருவர். மீட்க வந்தோர் எங்கே உறங்குவர் என்று பொருளியல் வகுப்பில் நான் கேட்பதுண்டு.

2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி நியூ ஆர்லியன்ஸின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. காவலர், தீயணைப்பு வீரர் பலரும் வீடிழந்தனர். எஞ்சிய விடுதி அறைகளுக்கு வெளியூர்ப் பணியாளரும் வீடிழந்தோரும் போட்டியிட்டால் வாடகை உயரும், தோற்பவர் ஏழைகளே. பணியாளருக்குத் தனி முகாம் தேவைப்படுவது இதனால்தான்.

அமெரிக்க அரசு மூன்று சொகுசுக் கப்பல்களை ஆறு மாதங்களுக்கு 23.6 கோடி டாலருக்கு அமர்த்தியது. நியூ ஆர்லியன்ஸில் நின்ற கப்பல்களில் காவலரும் தீயணைப்பு வீரரும் தங்கினர். வீண்செலவு என்ற கண்டனம் எழுந்தது. பிழை, தங்குமிடம் அளித்ததில் அன்று. நெருக்கடி முற்றிய பிறகு பேரம் பேசியதில்தான். பணியாளர் முகாம் சலுகையன்று, நிவாரணத்தின் முதற்செலவு. அதைப் புயலுக்கு முன்பே திட்டமிட வேண்டும்.