நடுத்தரம் என்று குறியிட்டேன்

பல்கலைக்கழகச் சைக்கிள் குழுவில் சேர்வதற்கான படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர். நான் நடுத்தரத்தில் குறியிட்டேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி கடற்கரை வரை எத்தனையோ சனிக்கிழமைகள் ஓட்டியவள் நான், இது போதாதா என்று நினைப்பு. அந்தப் பாதையில் மேடென்று சொல்ல எதுவுமே கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள்களை வேனில் அனுப்பிவிட்டு, ஆக்ஸ்ஃபர்டிலிருந்து ரயிலில் போய் மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கினோம். காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் நடுவே உள்ள சிறிய ஊர். எங்கு பார்த்தாலும் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள். புறப்படுமுன் குழுத் தலைவர் எங்களை எண்ணினார். ஒன்பது பேர். அன்று முழுவதும் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று எண்ணினார்.

ஈவன்லோட் கிராமம் வரை சொர்க்கம்தான். ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பாதை, இரு பக்கமும் புதர்வேலி, அதற்கப்பால் ஆடுகள். குழியைக் கண்டால் முன்னால் செல்பவர் கையால் சுட்டிக்காட்டுவார். பின்னால் கார் வந்தால் கடைசியில் இருப்பவர் குரல் கொடுப்பார். அது ஒவ்வொருவராக முன்னே போய்ச் சேரும்.

பிராட்வெல்லைத் தாண்டியதும் மேடு தொடங்கியது. ஸ்டோ-ஆன்-த-வோல்ட் நகரம் ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 160 மீட்டர் சொச்சம்தான். பாதி மேட்டில் கால் சுற்றாமல் நின்றபோதுதான் கியரை மாற்றினேன். சங்கிலி கழன்றது. சைக்கிளோடு வேலிப்பக்கம் சாய்ந்தேன்; முழங்கை முழுவதும் முட்கீறல்.

கடைசியாக வந்துகொண்டிருந்த மூன்றாமாண்டு மாணவி இறங்கி, சங்கிலியை மாட்டிக்கொண்டே கேட்டார்: “இதற்கு முன் எத்தனை மேடு ஏறியிருக்கிறாய்?”

“ஒன்றுகூட இல்லை.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. “மேடு தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு வந்துவிட வேண்டும். கால் இறுகிய பிறகு மாற்றினால் இப்படித்தான்,” என்றார். மீதித் தூரத்தை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

மேலே மற்ற ஏழு பேரும் குளிர்காற்றில் இருபது நிமிடம் காத்திருந்தார்கள். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாண்டன் கிராமத்துக்குப் போகும் திட்டத்தைத் தலைவர் கைவிட்டார். எல்லாரும் ஆசையாகப் பேசிக்கொண்டு வந்த இடம் அது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒருவர் வாழைப்பழம்கூடக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஸ்டோ ஒரு காலத்தில் ஆட்டுச் சந்தைக்கும் கம்பளி வணிகத்துக்கும் பெயர்போன ஊர். சதுக்கத்துக்குள் நுழையும் சந்துகள் மிகக் குறுகலானவை. ஆடுகளை வரிசையாக விட்டு எண்ணுவதற்காக அப்படிக் கட்டினார்களாம். எங்களையும் அங்கே எண்ணிவிட்டுத்தான் தலைவர் கிளம்பினார். இம்முறை என்னைத் தமக்கு அடுத்தபடியாக வரச் சொன்னார். மெதுவாக ஓட்டுபவர் முன்னால் இருந்தால் குழு அவர் வேகத்துக்கு வந்துவிடும். அவருக்கு முன்னே ஒருவர் காற்றை மறித்துக்கொண்டு போவதால் சிரமமும் குறையும். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

லோயர் ஸ்வெல் கிராமத்தில் சாலையோரம் போர் நினைவுச்சின்னம் இருந்தது. இங்கிலாந்தில் பெரும்பாலான கிராமங்களில், உலகப் போர்களில் மடிந்த அவ்வூர்க்காரர்களின் பெயர்களோடு இப்படி ஒன்று நிற்கும். அடுத்து வந்த அப்பர் ஸ்லாட்டர் அப்படியல்ல. ‘ஸ்லாட்டர்’ என்றதும் படுகொலை என்றுதான் நினைத்தேன். சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயராம். இரண்டு உலகப் போர்களுக்கும் அந்த ஊரிலிருந்து சென்ற அனைவரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட கிராமங்கள் நாட்டிலேயே மிகச் சிலதான். ஓடைக்கரையில் நின்று தலைவர் இதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை.

போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் தேநீர். வின்ட்ரஷ் ஆற்றின் தாழ்வான கற்பாலங்களில் சுற்றுப்பயணிகள் கூட்டம் நெரிந்தது. எனக்கு ஊரே பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் மறுபடியும் ஸ்டோ மேடு. இம்முறை முன்கூட்டியே கியரை மாற்றினேன். முக்கால்வாசி ஏறினேன், கடைசிப் பகுதியில் மட்டும் இறங்கித் தள்ளினேன்.

ரயில் மேடையில் ஒன்பது பேரையும் எண்ணி முடித்த தலைவரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். “பிராட்வெல்லிலேயே தெரிந்துவிட்டது. முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு பாதை போட்டிருப்பேன்,” என்றார்.

அடுத்த பயணம் நாண்டனுக்கு. படிவம் நேற்று வந்தது. ‘புதியவர்’ கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டேன்.