சிகிச்சை முடிந்த பிறகு வரும் பயம்: இணையம் கைகொடுக்குமா?

கடைசி கீமோதெரபி முடிந்ததும் உறவினர்கள் இனிப்போடு வருவார்கள். 'இனி ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது' என்பார்கள். ஆனால், புற்றுநோயிலிருந்து மீளும் இளைஞர்கள் பலருக்கு மனச்சுமை கூடுவதே அதற்குப் பிறகுதான். சிகிச்சைக் காலத்தில் அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று நாட்கள் ஓடிவிடும். மருத்துவரும் செவிலியரும் கூடவே இருப்பார்கள். அந்த ஓட்டம் நின்ற பிறகு, விட்டுப்போன படிப்பு, விலகிப்போன நண்பர்கள், மாறிப்போன உடல், நோய் திரும்புமோ என்ற பயம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருக்கிறது. அப்போது மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கும்.

ஆஸ்திரேலிய முயற்சி

தூரம் என்பது ஆஸ்திரேலியாவில் பெரிய பிரச்சினை. சிட்னி, மெல்பர்ன் போன்ற நகரங்களில் சிகிச்சை பெற்றுவிட்டு, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிற்றூருக்குத் திரும்பும் இளைஞருக்கு, அதே நோயைக் கடந்த சம வயதினர் ஒருவர்கூட அங்கே இல்லாமல் போகலாம். 1985இல் அங்கு தொடங்கப்பட்ட 'கேன்டீன்' அமைப்பு, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களை ஒன்றுசேர்க்கிறது. இணையவழியிலும் அந்தப் பணி நடக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ரீகேப்சர் லைஃப்' திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. சிகிச்சை முடித்த 15 முதல் 25 வயதினர் சிறு குழுவாக, வாரம் ஒரு முறை, ஆறு வாரங்களுக்கு வீடியோ அழைப்பில் கூடினார்கள். உளவியலாளர் ஒருவர் அமர்வை நடத்தினார். சம வயதினரோடு பேசுவதே போதுமா, பயிற்சியும் வேண்டுமா என்பதைப் பிரித்தறிய, பேச்சுத் துணை மட்டும் கிடைக்கும் இன்னொரு குழுவும் ஆய்வில் சேர்க்கப்பட்டது.

என்ன கற்றுத்தருகிறார்கள்?

இத்தகைய திட்டங்கள் பலவற்றின் அடிப்படை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்பது இதன் மையக் கருத்து. உதாரணமாக, சிகிச்சை முடித்த ஒருவருக்கு லேசான தலைவலி வருகிறது, 'நோய் திரும்பிவிட்டது' என்ற எண்ணம் எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, விடிய விடிய இணையத்தில் தேடுகிறார், மறுநாள் நண்பர்களோடு வெளியே போவதைத் தவிர்க்கிறார். தனியே இருக்க இருக்கப் பயம் இன்னும் வளர்கிறது.

மற்ற கவலைகளைப் போல இதை 'வீண் பயம்' என்று தள்ளிவிட முடியாது. நோய் திரும்பும் வாய்ப்பு உண்மையானது. அதனால், பயத்தை ஒழிப்பதைவிட அதற்கு எல்லை வகுப்பதைத்தான் இந்தப் பயிற்சி சொல்லித்தருகிறது: எந்த அறிகுறி, எத்தனை நாள் நீடித்தால் மருத்துவரை அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது, அதுவரை இணையத்தில் தேடாமல் இருப்பது, வந்த எண்ணத்தை எழுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று பார்ப்பது, தவிர்த்துவந்த ஒன்றைச் சிறிய அளவில் மறுபடி தொடங்குவது.

விளையாட்டால் முடிந்ததும் முடியாததும்

அமெரிக்காவின் 'ஹோப்லேப்' நிறுவனம் 2006இல் 'ரீ-மிஷன்' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. உடலுக்குள் நுழையும் 'ராக்ஸி' என்ற நுண்ரோபோ புற்றுநோய் செல்களைச் சுட்டு வீழ்த்தும். 13 முதல் 29 வயதுவரை உள்ள 375 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. விளையாடியவர்கள் மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள். நோயைப் பற்றிய அறிவும் தன்னம்பிக்கையும் கூடின. ஆனால், மன அழுத்தத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரு பழக்கத்தைத் திரை மாற்றிவிடலாம். மனபாரத்தை இறக்க அது மட்டும் போதாது.

சுய உதவி என்றால் தனியாகவா?

இணையவழி உளவியல் பயிற்சிகளில் அடிக்கடி காணப்படும் குறை, பாதியில் விட்டுவிடுவது. பங்கேற்பவர் எழுதிய பயிற்சியைப் படித்து வாரம் ஒரு முறை பதில் அனுப்பும் வழிகாட்டி இருந்தால், பொதுவாக அதிகம் பேர் தொடர்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் சோர்வும் கவனச்சிதறலும் உள்ளவர்களுக்கு நீண்ட பாடங்கள் ஒத்துவராது. அடுத்த அறையில் பெற்றோர் இருக்கும்போது திரையைப் பார்த்து மனம்விட்டுப் பேசுவதும் எளிதல்ல.

ஒரு செயலியையோ திட்டத்தையோ தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் அவசியம். பின்னணியில் தகுதி பெற்ற உளவியலாளர் இருக்கிறாரா? நாம் எழுதுவதை யார் படிப்பார்கள்? நிலைமை மோசமானால் யார் அழைப்பார்கள்? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பயிற்சிப் பாடத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஒரு மனிதரிடம் பேச வேண்டும். இந்தியாவில் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம், எத்தனை அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், வெறும் பாடப்புத்தகம்தான்.