ஞானப் பல்

பந்தி பாதி நடந்துகொண்டிருக்கையில் வந்து இலை கேட்கும் விருந்தாளியைப் போல, நமது வாயில் கடைசியாக வந்து சேரும் பற்கள் நான்கு. ஏறத்தாழ 17 முதல் 25 வயதிற்குள், அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுவதால் இவை ஞானப் பற்கள் எனப் பெயர் பெற்றன. பெயரைத் தவிர, ஞானத்திற்கும் இவற்றிற்கும் தொடர்பு யாதும் இல்லை. சிலருக்கு இவை முளைப்பதே இல்லை. அதனால் அவர்கள் அறிவிற் குறைந்தவர்களும் அல்லர்!

தாடையில் இடம் இருந்தால் இப்பற்கள் நேராக முளைத்து, மெல்லும் தொழிலைச் செவ்வனே செய்யும். இடம் போதாவிடின், சாய்ந்து அண்டைப் பல்லை முட்டும்; அல்லது பாதி வெளியிலும் பாதி ஈறுக்குள்ளுமாக நின்றுவிடும். அப்போது ஈற்றின் மடிப்பில் உணவுத் துணுக்குகள் தங்கும், கிருமிகள் பெருகும், ஈறு வீங்கி, வாயைத் திறப்பதே அரிதாகும்.

தேர்வு நெருங்கும் வேளையில் இவ்வலி வந்தால், மாணவர் பலர் கிராம்புத் தைலத்தைத் தடவி நாளைக் கடத்துகின்றனர். தைலம் வலியைச் சிறிது தணிக்கும், காரணத்தை நீக்காது. காய்ச்சல் கண்டு, வீக்கம் கழுத்துவரை இறங்கி, விழுங்கவும் இயலாதாயின் மூச்சுக்கே இடர் நேரலாம். அந்நிலையில் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

அங்ஙனமாயின், ஞானப் பற்களை முன்கூட்டியே எடுத்துவிடலாமோ? வேண்டியதில்லை. அடிக்கடி ஈறு வீங்குதல், சீர்படுத்த இயலாத சொத்தை, அண்டைப் பல்லுக்குச் சேதம், தாடையில் நீர்க்கட்டி ஆகியவையே எடுப்பதற்குரிய முக்கிய காரணங்கள். நோயற்ற ஞானப் பல்லை எடுத்தல் வேண்டா என்று பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை 2000-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது.

'பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும்' என்ற அச்சம் நம்மிடையே இன்னும் உண்டு. பார்வை நரம்பு வேறு. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. ஆயினும், கீழ்த் தாடைப் பல்லின் வேரருகே உதட்டிற்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. அதன் இருப்பிடத்தை அறியவே மருத்துவர் முதலில் எக்ஸ்ரே படம் எடுக்கிறார்.

புதுக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆகவே அறந்தாங்கி, ஆலங்குடி மாணவரும் தம் மாவட்டத் தலைநகரிலேயே தக்க ஆலோசனை பெறலாம். வலியை மறைத்து வைத்தல் வீரமன்று. உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுதலே அறிவுடைமை.