அரிய செடியும் சாதாரணக் குருவியும்

நித்தியகல்யாணியைத் தெரியாத தமிழர் குறைவு. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உறவு சிங்கப்பூர்க் காட்டிலும் உண்டு. பெயர் சிங்கப்பூர் கோப்சியா. ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவில் சிவப்புப் பொட்டு. இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஹென்றி ரிட்லி. 1888 முதல் 1912 வரை பூமலையின் இயக்குநராக இருந்தவர், ரப்பர் பயிரை இந்த வட்டாரத்தில் பரப்பியவர். நம் ஊர்ப் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார்.

ஊர்ப் பெயர் இருந்தும் ஊரில் இடமில்லை. ஈரமான சதுப்புக்காடு இதற்குப் பிடித்த இடம். அப்படிப்பட்ட காடு இங்கு மிஞ்சியிருப்பது நீ சூனில்தான். காட்டில் மிக அருகிவிட்ட இந்தப் புதர்ச்செடியை நான் பார்த்ததெல்லாம் தோட்டத்தில் மட்டுமே.

இதற்கு நேர்மாறானது ‘பின்-ஸ்டிரைப்டு டிட்-பேப்லர்’ என்னும் குருவி. நம் தவிட்டுக்குருவிக்குத் தூரத்துச் சொந்தம். உள்ளங்கையில் அடங்கும் உடல், மஞ்சள் மார்பில் மெல்லிய கோடுகள். மெக்ரிட்சி பாதையில் கொடிப்புதருக்குள்ளிருந்து ‘டொங்க், டொங்க்’ என்று விடாமல் குரல் கேட்டால் அது இதுதான். சாதாரணப் பறவை என்பதால் யாரும் நின்று கேட்பதில்லை.

இரண்டில் எதைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்? செடி என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் செடியைப் பூங்காவில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்துவிடலாம்; வளர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். குருவியை அப்படி நட முடியாது. பூச்சியும் புதரும் மறைவும் சேர்ந்த காடு இருந்தால்தான் அது இருக்கும்.

இன்று நிறைய இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. வைக்கோல் நிறத் தலைகொண்ட கொண்டைக்குருவியும் ஒரு காலத்தில் தென்கிழக்காசியாவில் பரவலாக இருந்ததுதான். இனிய குரலே அதற்கு எமனானது. கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது மறைந்தது. 2018ல், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அதற்கு மிஞ்சியுள்ள முக்கியப் புகலிடங்களில் ஒன்று நம் புலாவ் உபின்.

அரியதைக் காப்பாற்றச் சட்டமும் பணமும் வருகின்றன, வரவேண்டியதுதான். சாதாரணமானதைக் காப்பாற்ற அதன் வீடு போதும். காட்டோரப் புதரைக் குப்பை என்று நினைத்து வெட்டச் சொல்லாமல் விட்டுவைப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.