ஆயிரமாவது புள்ளியை எண்ணப்போவது யார்?

2023 மார்ச்சில் அமெரிக்காவின் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழக மாணவர் ஆன்டோயின் டேவிஸ் தன் கடைசிக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தை முடித்தபோது, அவர் கணக்கில் 3,664 புள்ளிகள். பீட் மாராவிச் 1970இல் எட்டிய கல்லூரிச் சாதனையான 3,667க்கு மூன்றே புள்ளி குறைவு. வேறு இடம் போக வழியிருந்தும் ஐந்து சீசனும் ஒரே அணிக்கு ஆடியவர் டேவிஸ். மறுவருடம் அயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் 3,667ஐத் தாண்டி 3,951இல் நின்றார். மாராவிச்சின் கணக்கை அரை நூற்றாண்டாக ஒரு புள்ளி பிசகாமல் யாரோ காத்துவைத்திருந்ததால்தான் இத்தனை பரபரப்பும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலும் டேவிஸ்கள் உண்டு. பெரிய ஊர்க் கல்லூரி ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம் என்று கூப்பிட்டாலும், மூன்று வருஷம் ஆடிய கல்லூரியிலேயே முதுகலைக்கும் சேர்கிற பிள்ளைகள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடிப்பவர்கள். ஐந்து வருஷத்தில் எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்டால் பதில் வராது. ஆயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கே அது தெரியாது.

எழுதாமல் இல்லை. ஸ்கோர் ஷீட்டில் 1 முதல் 160 வரை எண்கள் ஓடும். கூடை விழுந்தால் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி, மூன்று புள்ளி என்றால் வீரரின் ஜெர்சி எண்ணைச் சுற்றி வட்டம். விதிப்படி வென்ற அணிக்கு இளஞ்சிவப்பு நகல், தோற்ற அணிக்கு மஞ்சள் நகல். அந்தத் தாள் மடிந்து யார் பைக்குள்ளோ போவதோடு கதை முடிகிறது.

எந்த வருஷம் எந்தக் கண்மாய் மறுகால் பாய்ந்தது என்று விரல்விட்டுச் சொல்கிற சீமை இது. சொந்தப் பிள்ளை போட்ட கூடைகளுக்குக் கணக்கில்லை.

கூடைப்பந்து ஐந்து பேர் ஆட்டம், தனிக் கணக்கு சுயநலம் வளர்க்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு கேட்டுப் போகும்போது, சான்றிதழ் போட்டியின் பெயரையும் அணி பிடித்த இடத்தையும்தான் பேசும். கால் இறுதியில் தோற்ற சின்னக் கல்லூரிக்காக ஒற்றை ஆளாகப் போராடியவன் அதில் தெரியவே மாட்டான். விசுவாசத்துக்கு நாம் தரும் கூலி மறதி என்றால், அடுத்தவன் ஏன் இங்கே தங்குவான்?

உடற்கல்வி இயக்குநர்களே, ஒரு நீள நோட்டு போதும். ஆட்டம் முடிந்த அன்றே தேதி, எதிரணி, ஒவ்வொருவர் புள்ளி என்று எழுதி வையுங்கள். பழைய தாள்கள் பீரோவில் கிடந்தால் தூசி தட்டிக் கூட்டிப் பாருங்கள். வரும் சீசனின் முதல் ஆட்டத்திலேயே தொடங்குங்கள்.